பின் இருக்கையில் ஒருவர்

கார்க் கதவுகள் நான்கும் பூட்டிக்கொண்டன. பின் இருக்கையில் ஒடுங்கிப் படுத்திருந்த கஜேந்தினி கண்களை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சதீஸ் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான்.

ஏசி இல்லை. உள்ளேயிருந்து திறக்கவும் முடியாது. மூன்று நிமிடம் முடியும்வரை வெளியில் நிற்பவர் கதவைத் தொடக்கூடாது என்பது விதி. பொல்லாத விதிதான், ஆனால் அதை எழுதியதே அவள்தான்.

கிளிநொச்சியில் பழைய நெல் களஞ்சியம் ஒன்றில் இயங்கும் சின்னக் கொம்பனி அது. வெளிநாட்டுக் கார்களின் மென்பொருளைப் பரிசோதிப்பது அவர்களுடைய வேலை. பூட்டிய காருக்குள் குழந்தையை மறந்துவிட்டுப் போனால், அது மூச்சு விடுவதைக் கூரையிலுள்ள கருவி கண்டுபிடித்து, ஹோர்ன் அடித்துக் கதவைத் திறக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சதீஸ் படுத்தபோது ஒன்பதாவது செக்கனில் அடித்தது. வவுனியா டவுன் விதுசனுக்கும் அடித்தது. உடையார்கட்டுக் கஜேந்தினி படுத்த இரண்டு தடவையும் கார் ஊமையாகவே கிடந்தது.

குழந்தைக்குப் பதிலாக அவளைப் படுக்கச் சொன்னது சதீஸ்தான். "எங்களுக்குள்ள நீர்தான் சின்ன ஆள். உம்மைப்போல அசையாமல் கிடக்கவும் ஒருத்தராலும் ஏலாது."

நாலு மணிக்குள் காரணத்தைச் சொல்லாவிட்டால் வேலையைக் கொழும்புக்கு மாற்றப்போவதாகக் கார்க் கொம்பனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் கிடைத்த வேலை. போனால் திரும்பவும் கார்மென்ட்ஸ் வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

'அடிச்சுத் தொலையேன்' என்று காரை மனசுக்குள் திட்டினாள். வியர்வை காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் கை எழவில்லை. மூடிய இடத்தில் படுத்தால் அவளுக்கு எப்போதும் இப்படித்தான், உடம்பு கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும்.

மூன்று நிமிடமும் முடிந்தது. கார் அடிக்கவில்லை. சதீஸ் கதவைத் திறந்தான்.

"சொப்ட்வெயார்தான் பிழை அண்ணை."

"இல்லை. இஞ்சை பாரும்." லப்டொப்பை அவள் பக்கம் திருப்பினான். "இது என்ர மூச்சு, ஏறி இறங்குது. இது உம்மட."

அவளுடைய கோடு கொடிக்கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. நாலைந்து இடத்தில் மட்டும் துளி நெளிந்திருந்தது.

"நாப்பது செக்கனுக்கு ஒருக்கால்தான் மூச்சு விடுறீர். அதுவும் களவாய் விடுற மாதிரி. ஏன் அடக்குறீர்?"

"நான் அடக்கேல்லையே."

"உமக்குத் தெரியாமலே அடக்குறீர்." சதீசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினான். "தப்பினம். கார் சரி, படுத்த ஆள்தான் பிழை எண்டு எழுதுறன். ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை இப்பிடி மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்குமோ, சொல்லும் பாப்பம்?"

கஜேந்தினி காரைவிட்டு இறங்கவில்லை. மடக்கிய முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கிடந்தனான் அண்ணை, சண்டை நேரம் பங்கருக்குள்ள."