முதுகுக்குப் பின்னால்

ஆசிரியர் பயிற்சியில் சொன்னபடி, தன் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள் எஸ்தர் டீச்சர். திரையில் அவள் சிரிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் பிரம்படிக்குப் பயந்தவர்கள்போலக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

"நான் பிரம்பத் தொட்டதுகூட இல்லையே, தமயந்தி" என்றாள், பக்கத்து வகுப்பு டீச்சரிடம்.

"எப்பவும் சிரிச்ச முகமாத்தான இருக்கீங்க. எதுக்குப் போட்டுக் குழப்பிக்கிறீங்க டீச்சர்?"

மறுநாள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பிறகு ஒருவரும் உட்காரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எஸ்தருக்குப் பயம் வந்தது. பயந்தால் சிரித்துவிடுவது சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம். அடக்க அடக்க உதடு விரிந்தது. முன்வரிசையில் முதல் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது.