ஐந்தாவது மாதிரி

"கலாக்கா, ஓடி வாங்க! மான் கிடைச்சிருச்சு!"

கண்டி ஆய்வுகூடத்தில் நிலூஷா போட்ட சத்தத்தில் கலாராணிக்குக் கைகால் ஓடவில்லை. அழிந்தே போயிற்று என்று எல்லோரும் கைவிட்ட மானினம் அது. அதைத் தேடித்தான் ஒரு வருஷமாகத் தெல்தெனியப் பக்கத்துக் காடுகளில் அட்டைக்கடி பட்டு, மரபணுச் சோதனைக்குப் புழுக்கை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மரபணு அப்படியே பொருந்துது. ஐஞ்சாவது மாதிரி. எங்க எடுத்தீங்க? வரைபடத்துல குறிக்கணும்."

கலாராணியின் முகம் வெளிறியது.

"அது புழுக்கை இல்ல நிலூஷா. சோதனை சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, வீட்டுலயிருந்து நான் கொண்டாந்த ஆட்டிறைச்சி."

அங்கேயே நின்று கணவனுக்கு அழைத்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கொண்டாந்த இறைச்சி எங்க வாங்கினது?"

யோகராஜ் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா? மான்னு சொன்னா நீ தொடமாட்டியே! புழுக்கை கிடக்குன்னு நீ காட்டுன ஓடைக்கிட்டதான் கூட்டாளிங்களோட கண்ணி வச்சோம்."

கலாராணி அழைப்பைத் துண்டித்தாள். அன்று அந்தக் கறியை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

"என்னக்கா, எங்க குறிக்கட்டும்?"

கலாராணி ஓடையின் இடத்தைச் சொன்னாள். பிறகு வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அழைத்து, காட்டில் கண்ணி வைத்து மான் பிடித்திருக்கிறார்கள் என்றாள்.

"ஆட்களைத் தெரியுமா மிஸ்?"

"ஒருத்தரைத் தெரியும். யோகராஜ், அம்பிட்டியவுல இருக்கார்," என்றாள். "என் வீட்டுக்காரர்."