தோற்காத வில்லன்

செபாஸ்டின் பதினோரு வருடமாக மல்யுத்த அரங்கில் வில்லன். வாசலில் ரசிகர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதைக் கட்டியவர்களுக்கு, அவன் மேடையேறியதும் அவன்மேல் நிஜமான வெறுப்பு பொங்கும். கடைசியில் அவன் விழுந்து, நடுவர் மூன்று எண்ணியதும் அது அடங்கிவிடும். காறித் துப்பியவர்களே வெளியில் அவனோடு செல்ஃபி எடுப்பார்கள்.

போன ஞாயிறு அவன் மனைவி ஃபிலோமினா முதல்முறையாக, அவளும் பட்டை கட்டிக்கொண்டு, ஆட்டம் பார்க்க வந்தாள். பாதியில் நாயகனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட, போட்டியை நிறுத்திவிட்டார்கள். செபாஸ்டின் தோற்கவில்லை.

அதன்பின் நான்கு நாள் அவள் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. வியாழன் காலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, கத்தியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரியும்யா. ஆனா நீ கிட்ட வந்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

செபாஸ்டின் கூடத்தில் மல்லாந்து படுத்தான்.

"என் மாருல கைய வெச்சு அமுக்கு. மூணு எண்ணு."

அவள் எண்ணினாள். மூன்று என்றதும் அவள் முகம் தெளிந்தது.

"வலிச்சுதாய்யா?" என்று அவன் நெற்றியைத் தடவினாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஃபிலோமினா திறந்தாள். கீழ்வீட்டுப் பரிமளம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு நெடுக, தெருமுனைவரை, ஞாயிற்றுக்கிழமை அரங்கில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். பலர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள்.

"ஏன்னே தெரிலக்கா, காலு தானா இங்க வந்துடுச்சு. அண்ணன் இருக்காரா?"

செபாஸ்டின் தரையிலிருந்து எழவில்லை.

"ஒவ்வொருத்தரா உள்ள வரச் சொல்லு, மினா."