அருவியில் ஐந்து மொட்டைகள்

வெளியே போகும் ஒரே பாலத்தை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதால், அப்பாவை எரித்த அன்று செங்கோடன் கடல் கடந்து வேலைக்கு வந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலேயே கிடந்தான். அக்கா மகன்தான் கொள்ளி வைத்தான். "நீ அங்கயே மொட்டையடிச்சுக்க சாமி" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் வழக்கம்போல மீன் சுட்டுத் தின்ன அருவிக்குக் கிளம்பினார்கள். அவனும் சவரக்கத்தியோடு போனான். சாவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவோம் என்று பயம். பாறையில் உட்கார்ந்து, கூட வேலை செய்யும் அந்த நாட்டுக்காரன் மோசேயிடம் கத்தியை நீட்டினான். எதற்கு என்று கேட்டதற்கு, வெக்கை தாங்கவில்லை என்றான். முடி தண்ணீரோடு போனது. வழுவழுவென்றிருந்த மண்டையைத் தடவிப் பார்த்த மோசே, தானும் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர். ஒருவர் மண்டையை ஒருவர் தட்டிச் சிரித்தபடி அருவிக்கடியில் போய் நின்றார்கள். செங்கோடனும் போய் அவர்களோடு நின்றான்.

சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி ஐந்து பேரும் நின்று எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினான். உடனே கூப்பிட்டாள்.

"உங்கூட மொட்டையடிச்சு நிக்கறவங்கெல்லாம் ஆரு கண்ணு? இங்க வரப்புச் சண்டைய மனசுல வெச்சுக்கிட்டு நம்ம பங்காளி ஒருத்தனும் எழவுக்கு வரல. ஒரு தலை மழிக்கல."

கீழே அவர்கள் மூட்டிய நெருப்பிலிருந்து புகை எழும்பியது.

"பங்காளிங்கதாம்மா" என்றான்.

அம்மா கேட்டாள்:

"எல்லாரும் சாப்ட்டாங்களா கண்ணு?"