ஆடாமல் நின்றவர்

வவுனியா மைதானத்தில் அந்த வெள்ளைச் சேட்டுக்காரர் மட்டும் ஆடவில்லை. சுற்றி நின்ற அத்தனை தலைகளும் பேஸ் கிற்றாரின் அடிக்குச் சாய்ந்து நிமிர, அவர் கையைக் கட்டிக்கொண்டு வினோதனையே பார்த்தபடி நின்றார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலை, பளபளவென்று மினுக்கிய சப்பாத்து. ரெகே இசை கேட்க வருகிறவர் யாரும் அப்படிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவதில்லை.

"றிபாஸ், திரும்பாமல் கேள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில ஒருத்தர் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"திரும்பாமல் என்னெண்டு பாக்கிறது?" என்று றிபாஸ் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனும் ஆடவில்லை.

வினோதன் அக்கராயன்காரன். கிளிநொச்சியில் விவசாயிகளுக்கான கமநல சேவை அலுவலகத்தில் வேலை. ரெகே என்றால் எந்த ஊருக்கும் பஸ் ஏறிவிடுவான். அன்றைக்கு வவுனியாவில் இரண்டு கச்சேரி. ஆறு மணிக்கு மைதானத்தில் கொழும்புக் குழு, ஒன்பது மணிக்குக் குருமன்காட்டில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மட்டக்களப்புப் பெடியள். ஒரு கிழமையாக முகநூலில் அவன் எழுதியதெல்லாம் இந்த இரண்டையும் பற்றித்தான். பஸ் நிலையத்தடியில் போன் கடை வைத்திருக்கும் பழைய வகுப்புத் தோழன் றிபாஸ்தான் இரண்டுக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான்.

போன மாசியில், காணாமல் போன அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வினோதன் வீதியோரப் போராட்டத்தில் நின்றான். அடுத்த கிழமையே சிவில் உடையில் இரண்டு புலனாய்வுக்காரர் அலுவலகத்துக்கு வந்து, ஊர் எது, தகப்பன் யார், எத்தனை சகோதரங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவனுடைய தோள்கள் இரண்டும் இறுகியே கிடந்தன. ரெகே அடிக்கும்போதுதான் அவை கொஞ்சம் இறங்கும்.

பக்கத்தில் நின்ற ஒருவன் பியர் ரின் ஒன்றை நீட்டினான். "எனக்குப் பழக்கமில்லை" என்று வினோதன் தள்ளிவிட்டான். உடனே வெள்ளைச் சேட்டுக்காரர் போனைக் காதில் வைத்தார்.

தண்ணீர் வாங்கப் போவதுபோல் அவருக்குப் பின்னால் போன றிபாஸ், வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"ஆள் இவர்தான், கெதியா முடிச்சிடுவம் எண்டு போனில சொல்லுறார்."

"தமிழிலயோ?"

"தமிழிலதான். கையில உன்ர படமும் இருக்கு. நீளக்கைச் சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, ஸ்ரூடியோவில எடுத்த படம்."

தைப்பொங்கலுக்கு அம்மா வற்புறுத்திக் கூட்டிக்கொண்டுபோய் எடுப்பித்த படம் அது. ஒரேயொரு பிரதிதான். அதுவும் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அப்படியென்றால் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கச்சேரி முடியுமுன்பே இருவரும் சனத்துக்குள் புகுந்து வெளியேறி ஓட்டோ பிடித்தார்கள். வழி நெடுக வினோதன் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தான். ஒருவரும் வரவில்லை.

குருமன்காட்டு மண்டபத்தில் மட்டக்களப்புப் பெடியள் அருமையாக அடித்தார்கள். மூன்றாவது பாட்டில் அவனுடைய தோள்கள் மெல்ல இறங்கின. கண்ணை மூடிக்கொண்டு ஆடினான். திறந்தபோது வாசலில் வெள்ளைச் சேட்டு நின்றது.

"வா, குசினிப் பக்கத்தால வெளியில போவம்" என்று றிபாஸ் கையைப் பிடித்து இழுத்தான்.

"இல்லை. இண்டைக்கு ஓடினா நாளைக்கு அக்கராயனுக்கு வருவினம். அங்க அம்மா தனிய." வினோதன் தன் போனை எடுத்து நண்பனிடம் கொடுத்தான். "நீ இதில நிண்டு வீடியோ எடு. என்னைக் கொண்டுபோனா அம்மாவிட்டைக் காட்டு."

நேராக நடந்துபோய் அவர் முன்னால் நின்றான்.

"ஐயா, பின்னேரம் துடக்கம் எனக்குப் பின்னால வாறியள். வீட்டு ஆக்களை விட்டிடுங்கோ. கேக்கிறதை என்னட்டை நேர கேளுங்கோ."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. ஆளுக்குத் தெரியாமல் பாத்தாத்தானே உண்மை தெரியும்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். அதில் அவனுடைய பெயர் இருந்தது. தகப்பன் பெயர், ஊர், வேலை, சம்பளம் எல்லாம் இருந்தன. அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எத்தனையோ கதிரைகளில் இருந்து எத்தனையோ பேருக்குச் சொன்ன பதிலை வினோதன் மறுபடியும் சொன்னான். "அண்ணாவைப் பற்றியெண்டா, அவரை நாங்கள்தான் தேடிக்கொண்டிருக்கிறம்."

"அது தெரியும் தம்பி." அவர் குரல் தணிந்தது. "எங்கட வீட்டிலயும் ஒருத்தரை இன்னும் தேடுறம்."

வினோதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே அடுத்த பாட்டுத் தொடங்கியது. அவர் பேனையை எடுத்து, வியர்வையில் ஊறிக் கலங்கிப்போயிருந்த ஒரு வரியின் மேல் வைத்தார்.

"மற்றதெல்லாம் விசாரிச்சிட்டன், திருப்தி. இது ஒண்டுதான் வாசிக்கேலாமல் கிடக்கு." அவர் வெட்கத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பியின்ர நட்சத்திரம் அத்தமோ, அவிட்டமோ?"