தானியேலுக்குப் பாயசம் கிடையாது

என் மகள் தபீத்தாளின் இலையில் பாயசம் விழுந்த அடுத்த நொடி, அந்த இலையைச் சுருட்டி வேலிக்கு வெளியே எறிந்தேன்.

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

யுத்தகாலச் சர்க்கரை அது. தாராவியில் எங்கள் சபையார் ரேஷன் வரிசையில் கால்கடுக்க நின்று வாங்கியதில் வீட்டுக்கு ஒரு கரண்டி ஒதுக்கி, மூன்று மாதம் சேர்த்து, வருஷாந்திர அசன விருந்துக்குக் காய்ச்சிய பாயசம். அதைத்தான் நாய்க்குப் போட்டேன். நாய் ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் நக்கத் தொடங்கியது.

கரண்டியோடு நின்ற ஞானப்பூ அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"ஏ மாசிலாமணி, சீக்கு ஒனக்கு. பிள்ள என்ன பாவம் பண்ணிச்சு? நீ தானியேலா இருந்துட்டுப் போ. பச்சப் பிள்ளைய எதுக்குச் சிங்கக் கெபியில தள்ளுத?"

தானியேல் சங்கதி சபை முழுக்கத் தெரியும்.

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே என் மனைவி வேதப் புத்தகத்தைத் திறந்தாள். ராஜாவின் போஜனம் வேண்டாம், பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் போதும் என்று தானியேலும் சிநேகிதர் மூவரும் பத்து நாள் இருந்து காட்டிய இடம். அவர்களுக்குப் பத்து நாள். எங்களுக்கு எட்டு மாதம். பாபிலோன் ராஜா எவ்வளவோ மேல்.

அன்று முதல் வீட்டில் பயறு, கீரை, காலையும் மாலையும் ஊசி.

தோல் ஷாப்பில் என் பெயரே மாறிவிட்டது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால், சிங்கம் கடித்ததா என்று விசாரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாள் முழுக்க ஆட்டுத்தோலைச் சுரண்டிக்கொண்டே ஆட்டுக்கறிக்கு வாயூறுகிறவன் வேறு என்னதான் செய்வான்?

இன்றைக்கும் ஏற்பாடு சுலபமானதுதான். அப்பனும் மகளும் வந்து உட்கார வேண்டும். ஜெபத்துக்கு ஆமென் சொல்ல வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போய்ப் பயறு தின்ன வேண்டும்.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் கரண்டி வந்துவிட்டது.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாயசத்தின் மேல் கோபம். கறி வாசனையின் மேல் கோபம். தானியேலின் மேலும்தான். பத்தாம் நாள் அவன் முகம் களையாக இருந்ததாமே. எங்கள் வீட்டில் யார் முகமும் களையாக இல்லை.

அக்கா விடவில்லை. இன்னோர் இலையைத் தபீத்தாளின் முன்னால் போட்டாள். அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"அப்பனுக்குத் தொணையா பத்தியம் இருக்கு பாரு, எங்க ராசாத்தி. ஒரு கரண்டி குடிச்சா செத்தா போவா?"

கரண்டி சாய்ந்தது. அதன் காம்பை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது. விழுங்கினேன். எட்டு மாதத்தில் நான் விழுங்கிய எதுவும் அவ்வளவு கசக்கவில்லை.

ஞானப்பூ அக்கா நல்ல மனுஷி. குர்லாவில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வருகிறது என்பதைப் பதினோரு வீடுகளில் அழுதுகொண்டேதான் சொன்னாள். அந்தப் பெண்ணைக் கேட்டு இன்றுவரை யாரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"ஊசிக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லவில்லை, கத்தினேன் என்று பிற்பாடு சபையில் பேசிக்கொண்டார்கள்.

தபீத்தாள் அழவில்லை. வேலிக்கு வெளியே நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து எழுப்பினேன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ "பாகல்" என்றான். பைத்தியமாம். எங்கள் பையன்கள் திட்டுவதற்கு மட்டும் இந்திக்குப் போய்விடுவார்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் பொறுக்காத அப்பன் என்று ஒரு கிழவர் நல்ல தமிழிலேயே சொன்னார்.

வீட்டில் மனைவி ஊசியைக் கொதிநீரில் போட்டுவைத்திருந்தாள். மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினேன். கோபம் இன்னும் தணியவில்லை. கோபத்தோடு குத்தக் கூடாது. பத்துவரை எண்ணினேன்.

தபீத்தாள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"காலைல அந்தக் கை. இப்பம் இந்தக் கைப்பா."

ஊசி இறங்கும்போது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். திறக்காமலே கேட்டாள்:

"அந்த நாய்க்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"