கீழத்தெருவின் சுதந்திரம்

“எங்க சம்மதம் இல்லாம எங்கள ஆள ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

கீழத்தெருவைத் தனி ஊராகப் பிரித்துவிடச் சொல்லி எழுந்து நின்ற சங்கரிதான் கேட்டாள். எம்.ஏ. அரசியல் படிப்பவள். பந்தல்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில், ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை. கோவில் வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

ஊர்த்தலைவர் வீரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “என்ன தாயி, நாட்டைப் பிரிக்கிற மாதிரி பேசுற? மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் ஒரே சனம். இந்த ஊர்ல பொறந்த புள்ளைக அம்புட்டும் அண்ணன் தங்கச்சி. அதனாலதான உள்ளூருக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்கிறதில்ல? இதுல தனி ஊரு எதுக்கு?”

“போர்வெல் போட எங்ககிட்டயும் வரி வாங்குனீக. தண்ணி மேலத்தெருவோட நின்னுபோச்சு. கமிட்டியில எங்க ஆளு ஒருத்தருகூடக் கெடையாது. வரி எங்களுது, முடிவு ஒங்களுதா?”

கீழத்தெரு கைதட்டியது. வீரபாண்டி தன் மகனைப் பார்த்தார். மதுரையில் வக்கீலுக்குப் படிக்கிறவன்.

“ஏலே மணிகண்டா, தங்கச்சிக்குப் பதில் சொல்லு.”

மணிகண்டன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான். “கோவம் வந்தாப் பிரியுறதுன்னா, நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஊராயிருமே?”

“கோவத்துல பிரியக் கூடாதுதான். வருசக்கணக்காக் கேட்டும் காதுல வாங்கலைன்னா?”

“பெருவாரியான ஆளுக சொல்றதுக்குக் கட்டுப்படணும். அதான் சனநாயகம்.”

“இஷ்டமில்லாதவுகளப் பிடிச்சு வச்சா அது ஊரில்ல, ஜெயிலு.”

மணிகண்டன் வாயடைத்துப் போனான். இவனை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்ததே வீண் என்று வீரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

மணிகண்டன் அவர் பக்கம் திரும்பினான். “அப்பா, போறவுகள விட்ருங்க. ஆனா அரைகுறையா விடக் கூடாது. கமிட்டி தனி, வரி தனி, ஊரு தனி. நாளப்பின்ன ‘நாங்களும் ஒங்க ஊருதான்’னு ஒருத்தரும் வரக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் சங்கரி, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

பெற்ற மகனே ஊர் முன்னால் அப்படிச் சொன்ன பிறகு வீரபாண்டிக்கு வேறு வழியில்லை. சாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். இன்று முதல் இரண்டும் வேறு வேறு ஊர். சூடம் அடித்த பேச்சை மாற்ற இனி யாராலும் முடியாது.

மறுநாள் காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள் சங்கரி. பக்கத்தில் வந்து நின்றான் மணிகண்டன்.

“ஜெயிலுன்னு சொன்ன பாரு, அதுக்கு மட்டும் எனக்கு நெசமாவே பதில் வரல” என்று சிரித்தவன், குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “சரி, இப்ப நீ வேத்தூருப் பொண்ணு. பொண்ணு கேட்டு எங்கப்பாவ எப்ப வரச் சொல்ல?”